கண்டம் செய்யப்பட்ட காந்தங்கள்

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு நஸ்ரின் தன் டி.எல்.சி. தகட்டை யு.வி. விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். விரல் நீளத்துக்கு வெட்டிய, வெள்ளைப் பூச்சுப் பூசிய தகடு. வினை நடந்திருந்தால் அதில் புதிதாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை. குடுவையில் நாங்கள் போட்ட தொடக்கப் பொருளின் புள்ளி மட்டும், போட்டபடியே இருந்தது. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"வரலக்கா," என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றேன். அந்த வினை அவள் கையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். சாயங்காலம் பார்த்தோம். அதே ஒரு புள்ளி.

நேரம் நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பேராசிரியர் தினமும் பதினொன்றே காலுக்குத்தான் கறுப்புக் காப்பிக் கோப்பையோடு ஆய்வகத்தைச் சுற்றி வருவார். அன்றும் எங்கள் பின்னால் வந்து நின்று தகட்டை எட்டிப் பார்த்தார். கோப்பையோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

இதை இப்போது எழுத வேண்டி வந்தது துறையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பால். நான் விருப்ப ஓய்வில் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. கரிம வேதியியல் ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். "ஆய்வகத்தோட மைல்கற்களைப் பத்தி நீங்க எழுதிக் குடுக்கணும் மேடம். நல்ல நினைவுகளா இருக்கட்டும்," என்றார் பேசிய இளம் உதவிப் பேராசிரியர். முதல் மைல்கல் எது என்று அவரே சொன்னார். உலோகம் இல்லாமலேயே இரண்டு கார்பன் வளையங்களை இணைக்கும் வினை. எங்கள் ஆய்வகத்துக்கு வெளிநாட்டிலும் பெயர் வாங்கிக் கொடுத்தது அது. நஸ்ரின் அன்று செய்து பார்த்ததும் அதே வினைதான். சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பிறகு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றிருந்தேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

நான் எம்.எஸ்ஸி. முடித்துத் தற்காலிகமாகச் சேர்ந்து, பல வருஷம் கழித்துத் தொழில்நுட்ப உதவியாளராக நிரந்தரமானவள். முதலியார்பேட்டையிலிருந்து இரண்டு பஸ். முதல் வருஷங்களில் கற்றுக்கொண்டதெல்லாம் கழுவுவது, உலர்த்துவது, ஈதர் பாட்டிலை வெயிலில் வைக்காமல் இருப்பது, கரைப்பானைச் சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்கும்போது ஈரம் முழுக்கப் போனதைக் காட்டும் நீல நிறம் வரும்வரை பக்கத்தை விட்டு நகராமல் இருப்பது. அதற்குப் பிறகு கருவிகள், கொள்முதல், இருப்புப் பதிவு எல்லாம் என் பொறுப்பு. ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போனார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

பேராசிரியரை நாங்கள் முதுகுக்குப் பின்னால், பிரெஞ்சு மரியாதையில், 'முசியே' என்போம். அவர் சொல்தா குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். படிப்பும் பிரான்சில்தான் முடித்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபம் கூடக் கூட மரியாதை கூடும். மாணவர்களை 'வா, போ' என்று கூப்பிடுகிற மனிதர், கோபம் வந்துவிட்டால் 'வாங்க' என்பார். 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தால் ஆய்வகமே அடங்கிவிடும். தகட்டைப் பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஓரத்தில் மட்டும் பிடிப்பார். கரும்பலகையைத் தானே துடைப்பார், மேலிருந்து கீழாக, கோடு விழாமல். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் அவர் சொல்வது ஒன்று உண்டு: "வினை வரலன்னா ஏன்னு எல்லாரும் கேப்பான். வந்துச்சுன்னாலும் ஏன் வந்துச்சுன்னு கேளு." நான் அதைக் கேட்டுக் கேட்டு, என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன்.

நஸ்ரின் அதை எங்கள் எல்லாரையும்விட முழுசாக நம்பியவள். டவுனில் அவள் அத்தா நூல், பட்டன், ஊசி விற்கும் தையல் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆய்வுப் படிப்பு முடிகிற கட்டம். உதவித்தொகை முடிய இன்னும் சில மாதம். அவள் செய்திருந்த சேர்மங்கள் எல்லாமே அந்த வினையை வைத்து உண்டாக்கியவை. கடைசியாக ஒரு தொகுதி செய்து முடித்தால் ஆய்வேட்டை எழுதிவிடலாம். அந்தக் கடைசித் தொகுதியின் முதல் குடுவைதான் திங்கட்கிழமை வராமல் போனது.

அடுத்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தாள். கரைப்பானைப் புதிதாகக் காய்ச்சிக் கொடுத்தேன். காரத்தை உலை அடுப்பில் வைத்து உலர்த்தினாள். எண்ணெய்த் தொட்டியின் வெப்பமானியை மாற்றினோம். வாயு உருளையை மாற்றினோம். கண்ணாடிச் சாமான்களைக் கழுவியே அவள் விரல் நுனி தோல் உரிந்தது. பக்கத்து மேசை மாணவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார்கள். பிறகு அவள் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். அது கிண்டலைவிட மோசம்.

முசியே ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கை சரியில்ல. கவனம் எங்கயோ இருக்கு. கல்யாணம் கில்யாணம் பேசறாங்களா வீட்ல?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அன்றிலிருந்து அவர் நஸ்ரினை 'வாங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் காந்தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடுவைக்குள் கலவையைச் சுழற்றிவிட, சின்ன மாத்திரை அளவில், வெள்ளை உறை போட்ட காந்தத் துண்டு ஒன்றைப் போடுவோம். கீழே உள்ள தட்டு அதைச் சுற்றவைக்கும். லேபில் எல்லாரும் 'மேக்னட்' என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் அசிட்டோனில் கழுவி அடுத்த வினைக்குப் போடுவார்கள். ஒன்றே பல வருஷம் ஓடும், உறை கீறி, பழுப்பேறி, சாம்பலாகும்வரை. நல்ல மேக்னட் கிடைப்பது பெரிய விஷயம். ஒருவருடையதை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவது, கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறுவதுபோல நடந்துகொண்டே இருக்கும். நஸ்ரின் தன்னுடையதை மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை புது மேக்னட் பெட்டி வந்திருந்தது. நான்தான் கேட்டு வாங்கினேன். பழையதை எல்லாரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் எதையும் சும்மா தூக்கி எறியக் கூடாது. உடைந்த பியூரெட்டிலிருந்து ஓடாத மின்விசிறி வரை, கண்டம் கமிட்டி வந்து பார்த்து, பயன்படாது என்று கையெழுத்துப் போட்டுக் கண்டம் செய்யும்வரை வைத்திருக்க வேண்டும். கமிட்டி வருவதற்கு வருஷங்கள் ஆகும். அதனால் பழைய மேக்னட்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பீரோவின் மேல் வைத்திருந்தேன்.

புது மேக்னட்டைப் பற்றி முதலில் எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வெளியாள் கேட்டால் சிரிப்பான். கரைப்பானைச் சந்தேகப்படுவோம், காரத்தைச் சந்தேகப்படுவோம், காற்றை, ஈரத்தை, மனுஷரைச் சந்தேகப்படுவோம். மேக்னட் எங்கள் கண்ணில் குடுவைக்குள் இருக்கிற பொருளே இல்லை. முசியே முதன்முதலில் அந்த வினையை வெளியிட்டபோதும் அப்படித்தான். அதில் போட்ட ஒவ்வொரு பொருளையும் வெளியே அனுப்பி, உலோகம் துளியும் இல்லை என்று சான்று வாங்கியிருந்தார்கள். மேக்னட்டை யாரும் அனுப்பவில்லை.

நஸ்ரினுக்கு அது தோன்றியது ஒரு பகல் வேளையில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது. "அக்கா, அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த லேப்ல என்னெல்லாம் மாறுச்சு?" என்று கேட்டாள். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். வாஷ்பேசின் குழாய். ஒரு டியூப் லைட். மேக்னட். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பீரோவைப் பார்த்தோம்.

டின்னிலிருந்து ஒரு பழைய மேக்னட்டை எடுத்துக் கழுவிப் போட்டாள். வினை வந்தது. மேலே பளிச்சென்று புதுப் புள்ளி. அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, முகம் வெளுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பழையதையே வைத்துக்கொள், முடித்துவிடு என்றேன். "அக்கா, ஏன் வந்துச்சுன்னு பாக்க வேணாமா?" என்றாள்.

அந்தப் புது வினை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் பல வருஷம் எங்கள் ஆய்வகத்தில் பல்லேடியம் என்ற உலோகத்தை வைத்துத்தான் வளையங்களை இணைத்துக்கொண்டிருந்தார்கள். அதே மேக்னட்கள்தான். உறையின் கீறல்களுக்குள் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டு, அசிட்டோனுக்கு அசையாமல் இருந்திருக்கிறது. நஸ்ரின் சில பழைய மேக்னட்களை, தங்கத்தையே கரைக்கும் இராஜதிராவகத்தில் ஊறப்போட்டு, கீறலில் இருந்ததையெல்லாம் கரைத்து எடுத்தாள். அவற்றைப் போட்டபோது வினை வரவில்லை. ஊறவைக்காத பழையதைப் போட்டாள், வந்தது. புதிய மேக்னட்டோடு பல்லேடியம் உப்பை ஊசி முனை அளவுக்குப் போட்டாள், வந்தது. நான் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். இதைவிடச் சுத்தமாகச் செய்த வேலையை அந்த ஆய்வகத்தில் நான் பார்த்ததில்லை.

உலோகம் இல்லாத வினை என்று ஒன்று இல்லவே இல்லை. இருந்தது எங்கள் பழைய அழுக்கு.

முசியேயிடம் சொல்ல அவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தகடுகளை ஒவ்வொன்றாக, ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு மதிப்பு இருந்தது. சரியாகத்தான் சொல்வார் என்று நம்பினேன்.

"பழைய மேக்னட் இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். ஒரு டின் இருக்கிறது என்றேன். தலையாட்டினார். நஸ்ரின் பக்கம் திரும்பினார். இதுவரை செய்த சேர்மங்கள் எல்லாம் உண்மையான சேர்மங்கள்தானே, அவற்றை வைத்து ஆய்வேட்டை எழுதலாம், கடைசித் தொகுதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அவ்வளவு கனிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

நஸ்ரின் நின்றுகொண்டே சொன்னாள்: "தலைப்புல 'உலோகம் இல்லாம'ன்னு இருக்கே சார். அத மட்டும் எடுத்துட்டா எழுதிடறேன்."

"அத எடுத்துட்டா அதுல வேற என்னம்மா இருக்கு?" என்றார் முசியே. பிறகு, "தயவுசெய்து, வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்க," என்றார்.

வருஷக்கணக்கில் வராத கண்டம் கமிட்டி மறுநாளே வந்தது. ஓடாத மின்விசிறிகள் அப்படியே இருந்தன. உடைந்த நாற்காலிகள் அப்படியே இருந்தன. பிஸ்கட் டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்களிடம் தப்பித் தவறி இருக்கும் பழைய மேக்னட்களையும் ஒப்படைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. தரக்கட்டுப்பாட்டை உயர்த்துவதற்காம்.

நஸ்ரின் யோசித்துவிட்டு வந்தாள். அதே பதிலைத்தான் சொன்னாள். அதற்கடுத்து அவளுடைய ஆய்வுக் குழு கூடியது.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லாவிட்டால், இத்தனை வருஷம் பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் பேசுகிறேன் என்று கேட்பார்கள். யாழினியும் வேதியியல்தான் படித்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். போன மாதம் இதே ஊரில் வேறொரு இடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "எங்க சார் திட்டத்துல மொத ஸ்டெப்பே உங்க லேப் ரியாக்ஷன்தான்மா. எங்கம்மா அங்கதான் இருந்தாங்கன்னு சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க தெரியுமா."

அன்றைக்கு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆதாரம் வச்சிருக்கியா?"

"இல்ல. டின்னை எடுத்துட்டாங்க."

"அப்ப சார்கிட்ட போயி நான் என்னன்னு சொல்றது? எங்கம்மா சொன்னாங்கன்னா?"

புதிய மேக்னட்டிலும் பழைய மேக்னட்டிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் சாருடைய திட்டத்தைச் சந்தேகப்பட வேண்டுமா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். சந்தேகப்பட்டவளுக்கு என்ன நடந்தது என்பதையும் நானே அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போதெல்லாம் பதினொரு மணிக்கு மேல் தொலைபேசி அடித்தால் அவளாக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். அந்த வினை அவளுக்கு வராமல் போனாலும் பயம், வந்துவிட்டாலும் பயம். வராவிட்டால் அவள் கை சரியில்லை என்பார்கள். வந்துவிட்டால் அதன்மேல் தன் நல்ல வருஷங்களையெல்லாம் கட்டுவாள்.

நஸ்ரின் இப்போது ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வந்துவிடும். எல்லாம் பேசுவோம். வேதியியல் மட்டும் பேசமாட்டாள்.

முசியே பிரான்சில் மகனோடு இருக்கிறார். புதுக் கட்டடத் திறப்பு அன்று அங்கிருந்தே காணொளியில் வாழ்த்துரை வழங்குவார் என்று அந்த உதவிப் பேராசிரியர் சொன்னார்.

குழு கூடிய நாளில் நானாகக் கேட்டு உள்ளே போனேன். என்ன பார்த்தேன் என்று சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு உறுப்பினர், அந்தச் சோதனையை நானே தனியாகச் செய்தேனா என்று கேட்டார். நஸ்ரின் செய்யும்போது பக்கத்தில் இருந்தேன் என்றேன். அப்படியானால் நீங்கள் பார்த்தவர்தான், செய்தவர் இல்லை என்றார். பழைய மேக்னட் ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேட்டார். கண்டம் ஆகிவிட்டது என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். முசியே என்னைப் பார்க்கவே இல்லை. "செல்வி மேடத்துக்கு மாணவர்கள் மேல ரொம்ப பாசம்," என்றார், மெதுவாக. அதற்குப் பிறகு நான் சொன்ன எதற்கும் அர்த்தம் இருக்கவில்லை. அந்த மாதமே என்னை நிர்வாகக் கட்டடத்தில் எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். காகிதக் கட்டுகளுக்கும் பேனா மைக்கும் நடுவில் கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தேன், முடியாமல் விருப்ப ஓய்வு கேட்டேன்.

ஆனால் எனக்கு மறக்காதது அது இல்லை. நஸ்ரினின் ஆய்வு முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை, பதிவு ரத்து என்று முடிவு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் வெளியே பெஞ்சில், மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே நான் அவள் அத்தாவுக்குப் போன் செய்திருந்தேன். பொண்ணோடு யாராவது இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். மற்றதையெல்லாம் அவளே வீட்டில் சொல்லியிருந்தாள். கடையை அடைத்துவிட்டுப் பஸ் பிடித்து, எல்லாம் முடிகிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்து, கழுத்தில் அளவு நாடாவோடு. அதைக் கழற்ற மறந்திருந்தார். மகள் தலைமேல் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனார்.

முசியே எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க," என்றார்.

அவர் உட்காரவில்லை.

"அவ கை சரியில்லன்னு சொன்னீங்களாம் சார். சின்ன புள்ளைலேர்ந்து கடைல எனக்கு ஊசில நூல் கோத்துக் குடுக்கறதே அவதான், அந்தக் கைய எனக்குத் தெரியும். பட்டம் போனா போவட்டும், அத கேக்க நான் வரல. எம்பொண்ணு செஞ்சு பாத்தது பொய் இல்லன்னு ஒரே ஒரு வரி, உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் எழுதிக் குடுத்துடுங்க. நாங்க கெளம்பிடறோம்."